கிரகணக் கண்ணாடி: எதை நம்பிப் பார்ப்பது?

2019 டிசம்பர் 26 காலையில் ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை எனத் தமிழ்நாட்டின் குறுக்கே வளைய கிரகணத்தின் பாதை ஓடியது. ஒன்பதரை மணியை ஒட்டிச் சுமார் மூன்று நிமிடம் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. அன்று ஒரு சாரார் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். இன்னொரு சாரார் அறிவியல் இயக்கத்தினர் ஏற்பாடு செய்த மைதானங்களுக்கும் கோளரங்க வளாகத்துக்கும் போய் முறையான கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இவர்களுக்கு நடுவே பெருங்கூட்டம் ஒன்று உண்டு. பார்க்கும் ஆசையும் இருக்கும், கண்ணாடியும் இருக்காது. மொட்டை மாடிக்கு ஏறி, பழைய எக்ஸ்ரே படம், கூலிங்கிளாஸ், தாம்பாளத்தில் மஞ்சள் நீர் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரையின் கவலை அவர்களைப் பற்றியது.

‘நல்ல கிரகணக் கண்ணாடி எது?’ என்பது கடைக்காரரிடம் கேட்டு முடித்துவிடும் கேள்வியாகத் தோன்றும். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கண்ணுக்கு ஆபத்து எப்படி வருகிறது? அதைத் தடுக்க எவ்வளவு இருட்டு வேண்டும்? நம் கையில் இருக்கும் கண்ணாடி அந்த இருட்டைத் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் இரண்டுக்கும் உறுதியான விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் சிக்கல். யார் செய்தார்கள், யார் சோதித்தார்கள், எந்தக் கை வழியாக நம்மிடம் வந்தது என்பதில்தான் அதன் விடை இருக்கிறது. நம் ஊரில் ஆள் இல்லாமல் கிடப்பதும் அந்த இடமே.

கண்ணுக்குள் நடப்பது

கிரகண நாளில் சூரியனிலிருந்து புதிய கதிர் எதுவும் கிளம்புவதில்லை. நேற்றும் நாளையும் வருகிற அதே ஒளிதான். மாறுவது நம் நடத்தை. மற்ற நாளில் சூரியனை நோக்கினால் கூச்சம் தாங்காமல் கண் தானே திரும்பிவிடும். கிரகணத்தில் வட்டின் பெரும்பகுதி மறைந்து மொத்த வெளிச்சம் குறைவதால் கூச்சமும் குறைகிறது. பார்ப்பதற்குக் காரணமும் இருக்கிறது. அதனால் நிலைகுத்திப் பார்க்கிறோம். ஆனால் மறையாமல் எஞ்சியிருக்கும் துண்டின் ஒவ்வொரு புள்ளியும் தன் முழு வலிமையோடுதான் எரிகிறது. முழுச் சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. 99 விழுக்காடு மறைந்த பிறகு மிஞ்சுகிற கீற்றுகூட 4,000 முழுநிலவுகளின் ஒளியைத் தரும்.

கண்ணின் வில்லை அந்தக் கீற்றை விழித்திரையில் குவிக்கிறது. அங்கே விழும் சூரியப் பிம்பத்தின் குறுக்களவு சுமார் 0.16 மில்லிமீட்டர்தான். சிறிது என்று ஆறுதல் கொள்ள முடியாது. எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் பிம்பம் விழித்திரையின் நடுக்குழியில் விழும்படிதான் கண் அமைந்திருக்கிறது. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்தக் குழியின் வேலை. சேதம் துல்லியமாக அங்கேதான் உண்டாகிறது.

இதைச் சூட்டினால் வெந்துபோகும் காயம் என்றுதான் முன்பு கருதினார்கள். வெப்பத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முதன்மையானது ஒளியே தூண்டும் வேதிவினை. நீல ஒளியும் அதை ஒட்டிய புற ஊதாவும் ஒளியுணர் செல்களுக்குள் நச்சு மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. செல்கள் உடனே மடிவதில்லை. சில மணி நேரத்தில் செயலிழக்கின்றன. விழித்திரையில் வலியுணரும் நரம்பு கிடையாது. ஆகவே பார்க்கும்போது வலிக்காது, பார்த்து முடித்ததும் வலிக்காது. மறுநாள் காலை செய்தித்தாளை விரித்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி நிற்கும், நேர்கோடு வளைந்து தெரியும், நிறம் மங்கும். ‘நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று கிரகணத்தன்று மதியம் சொல்பவரின் சாட்சியம் எதற்கும் உதவாது என்பது இதனால்தான்.

இந்தப் பாதிப்புக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பலருக்குச் சில மாதங்களில் பார்வை தானாகவே திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதே இல்லை. 1999 ஆகஸ்ட் 11 கிரகணத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் லெஸ்டர் அரசு மருத்துவமனைக்குக் கண் பாதிப்பு என்று 45 பேர் வந்தார்கள். ஏழு மாதம் கழித்தும் அவர்களில் நால்வருக்குப் பார்வையில் அந்தத் தழும்பு நீங்கவில்லை. லெஸ்டரில் அன்று முழு கிரகணம்கூட இல்லை, பகுதி கிரகணம்தான். 2017 ஆகஸ்ட் 21 அமெரிக்கக் கிரகணத்துக்குப் பின் நியூயார்க் கண் மருத்துவமனை ஒன்றுக்கு இருபதுகளில் இருந்த ஒரு பெண் வந்தார். வெறுங்கண்ணால் சில நொடிகள் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு கிரகணக் கண்ணாடியை அணிந்து இன்னும் சில நொடிகள் பார்த்திருக்கிறார். அவருடைய விழித்திரையைச் செல் அளவில் படமெடுத்தபோது, இறந்த செல்களின் திட்டு பிறை வடிவில் இருந்தது. அவர் பார்த்த சூரியனின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. நம் நாட்டிலும் 2019 கிரகணத்துக்குப் பிறகு ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனைக்கு விழித்திரைப் பாதிப்போடு பதின்ம வயதினர் சிலர் வந்ததாக நாளிதழ்கள் எழுதின.

பதின்ம வயது என்பது தற்செயலல்ல. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளேறி நீல ஒளியை ஓரளவு தடுக்கும். குழந்தையின் வில்லை தெளிந்திருப்பதால் கேடு செய்யும் ஒளி கூடுதலாக உள்ளே போகிறது. எச்சரிக்கையும் பொறுமையும் குறைவாக இருக்கிற வயதும் அதுதான். கிரகணக் கண்ணாடி முதலில் யாருக்குத் தேவை என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்பதே என் பதில்.

லட்சத்தில் மூன்று

பாதுகாப்புக்கு எவ்வளவு இருட்டு வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கண்ணியல் பேராசிரியர் ரால்ஃப் சௌ முன்னின்று உழைத்ததன் பயனாக 2015-ல் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற பன்னாட்டுத் தரநெறி வந்தது. சூரியனை நேராகப் பார்ப்பதற்கான வடிகட்டிகளுக்கு மட்டுமே உரிய நெறி அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சமாக 0.0032 விழுக்காடுதான் ஊடுருவலாம் என்கிறது. நம் கணக்கில் சொன்னால் லட்சத்தில் மூன்று பங்கு. கீழ் எல்லையும் உண்டு, அது கோடியில் ஆறு பங்கு. அதற்கும் கீழே போனால் சூரியனே தெரியாது. புற ஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் தனித்தனி வரம்புகள் இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பயன்படுத்தும் முறை, எச்சரிக்கை ஆகியவற்றைக் கண்ணாடியிலேயே அச்சிட வேண்டும் என்றும் அது கேட்கிறது.

‘லட்சத்தில் மூன்று’ என்ற அளவை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். வெயிலுக்கு அணியும் கூலிங்கிளாஸ் லட்சத்தில் பத்தாயிரம், இருபதாயிரம் பங்கு ஒளியை விடுகிறது. பனிமலை ஏறுபவர்களுக்கென்று செய்யும் மிகக் கருத்த வகைகூட மூவாயிரத்துக்குக் கீழே இறங்காது. வேண்டியதைப்போல் ஆயிரம் மடங்கு. இரண்டு கூலிங்கிளாஸை ஒன்றின் மேல் ஒன்று போட்டாலும் அந்த இடைவெளி அடைபடாது.

முறையான கண்ணாடியில் இரண்டு வகைப் பொருள்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, அலுமினியம் மிக மெல்லிதாகப் பூசிய பாலியெஸ்டர் தாள். அதில் சூரியன் வெண்மையாகவோ நீலச் சாயலோடோ தெரியும். மற்றது, கரித்துகள் கலந்த கறுப்பு பாலிமர் தாள். அதில் சூரியன் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இரண்டில் எது சிறந்தது என்று சண்டை போடத் தேவையில்லை. அலுமினியப் பூச்சு கீறினாலோ, அதில் ஊசித்துளை விழுந்தாலோ அந்த இடத்தில் ஒளி நேரே பாயும் என்பதால், பல கை மாறும் பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு பாலிமரே ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்கட், சிப்ஸ் உறைகளின் உட்புறமும் அலுமினியம் பூசிய தாள்தானே என்று சிலர் கேட்பதுண்டு. ஈரம் புகாமல் தடுப்பதற்காகப் போட்ட பூச்சு அது. அதன் தடிமனை ஒளிக்காக யாரும் அளந்து போடுவதில்லை.

வீட்டிலும் பட்டறையிலும் கிடைப்பவை

தாம்பாளத்தில் நீர் ஊற்றி, மஞ்சளோ சாணமோ கரைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். உலகெங்கும் பழைய வழக்கம்தான். பிளேட்டோவின் ‘பைடோ’ உரையாடலில் சாக்ரடீஸ், கிரகணத்தை நேரே பார்த்தால் கண் கெடும், நீரில் தெரியும் பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டும் என்ற பொருளில் பேசுகிறார். நேரே பார்ப்பதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆபத்தை உணர்ந்தவர்கள் கண்டுபிடித்த வழி என்பதால் அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நீரின் மேற்பரப்பு, செங்குத்தாக விழும் ஒளியில் 2 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. லட்சத்தில் இரண்டாயிரம். அனுமதித்த அளவைப்போல் அறுநூறு மடங்குக்கு மேல். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி சரிந்து விழுவதால் இது இன்னும் பல மடங்கு கூடும். மஞ்சளும் சாணமும் நீரின் அடியைக் கலங்கச் செய்து, பாத்திரத்தின் பளபளப்பை மறைக்கும். மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியை அவற்றால் குறைக்க முடியாது.

பிரதிபலித்த ஒளிதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு ஐசக் நியூட்டனின் அனுபவம் இருக்கிறது. இளமையில் அவர் சூரியனை நேரே பார்க்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த சூரியனை ஒற்றைக் கண்ணால் சில முறை பார்த்தார். அதன் பிறகு எங்கே நோக்கினாலும் சூரியன் தெரிந்தது. எழுதவும் படிக்கவும் முடியாமல் மூன்று நாள் அறையை இருட்டாக்கி அடைந்து கிடந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1691-ல் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

அடுத்தது எக்ஸ்ரே படம். இதன் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. வெள்ளிச் சேர்மம் பூசிய கறுப்பு வெள்ளைப் படச்சுருளை முழுக்க வெளிச்சம் காட்டி, முழுக்கக் கழுவி, இரண்டு மடிப்பாக வைத்துப் பார்க்கலாம் என்று முன்பு வானியலாளர்களே சொன்னார்கள். படலத்தில் படியும் உலோக வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அகச்சிவப்பையும் தடுக்கும். வாய் வழியாகப் பரவியபோது அந்த அறிவுரையிலிருந்து ‘முழுக்க’ என்பது உதிர்ந்துபோனது. ஒருவரின் நெஞ்சையோ முட்டியையோ எடுத்த படத்தில் எலும்பு இருக்கும் இடம் வெளிறியிருக்கும், மற்ற இடம் கருத்திருக்கும். மிகக் கருத்த இடமும்கூட, மருத்துவர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கான கருமைதான். பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய ஒளியை அது விடும். லட்சக் கணக்கில் அது நூறு. வண்ணப் படச்சுருள் இன்னும் மோசம். அதில் வெள்ளி இல்லை, சாயம்தான் இருக்கிறது. சாயம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்துகொண்டே அகச்சிவப்பை உள்ளே விடும். இருட்டுக்கு விரிந்துகொடுத்த கண்மணி வழியாக அது தாராளமாக நுழையும். புகை பிடித்த கண்ணாடிக்கும் இதே குறை. கரி சீராகப் படியாது, விரல் பட்டால் அழியும். குறுந்தகடு, பழைய ஃப்ளாப்பியின் உள்தாள் ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, கூடாது.

பட்டறைக்குப் போனால் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. வெல்டிங் கண்ணாடி உண்மையிலேயே நல்ல வடிகட்டி. ஆனால் எந்த எண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண் ஒன்று கூடினால் ஊடுருவும் ஒளி ஏறத்தாழ 2.7 மடங்கு குறைகிறது. 12-ஆம் எண் லட்சத்தில் இரண்டு பங்கை விடும், அது வரம்புக்குள் வருகிறது. 14-ஆம் எண் அதிலும் ஏழில் ஒரு பங்கு. உச்சி வெயிலுக்கு 14 வசதியானது, சூரியன் தாழ்ந்திருந்தால் 12 போதும். சூரியன் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். பிரச்சினை என்னவென்றால், ஆர்க் வெல்டிங் செய்பவர்கள் அன்றாடம் பயன்படுத்துவது 10, 11. ஆகவே ஹார்டுவேர் கடையில் எண் சொல்லாமல் ‘வெல்டிங் கண்ணாடி கொடுங்கள்’ என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான். 10-ஆம் எண், 12-ஐப்போல் ஏழு மடங்கு ஒளியை விடும். எண் பொறிக்காத கண்ணாடியை அதன் கருமையைப் பார்த்து மதிப்பிட வேண்டாம். கண்ணால் அந்த வேறுபாட்டை அளக்க முடியாது. தீப்பொறி பட்டதும் தானாகக் கருக்கும் புதுவகைத் தலைக்கவசங்களையும் சூரியனுக்குப் பயன்படுத்தக் கூடாது. 12 அல்லது 14 என்று தெளிவாகப் பொறித்த, பெயர் தெரிந்த நிறுவனத்தின் கண்ணாடி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். விலையும் அதிகமில்லை.

முத்திரையும் போலியும்

2017-க்கு முன்பு வரை அமெரிக்க வானியல் கழகம் மக்களுக்குச் சொன்ன அறிவுரை எளிமையானது: ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் வாங்குங்கள். அந்த ஆண்டுக் கிரகணம் அமெரிக்காவைக் கரையிலிருந்து கரை வரை கடந்தது. கோடிக்கணக்கானவர்களுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தேவை பெருகியதும் சந்தையில் போலிகள் குவிந்தன. கண்ணாடியைப் போலி செய்வது ஓரளவு கடினம், எழுத்தை அச்சிடுவது மிக எளிது. சோதனையே செய்யாத தாளிலும் அதே எண், அதே முத்திரை. கழகம் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. அச்சு மட்டும் போதாது, சரிபார்த்த தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களின் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள் என்றது. கிரகணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அமேசான் நிறுவனம், உரிய சான்று காட்டாத விற்பனையாளர்களிடம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்து, அந்தக் கண்ணாடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. நல்ல சரக்கு விற்ற சிலரும் அதில் அடிபட்டார்கள். நல்ல கண்ணாடியை வாங்கி வைத்திருந்தவர்களும் குழம்பினார்கள். 2024 ஏப்ரல் 8 கிரகணத்தின்போதும் இதே கதை நடந்தது. பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் வடிவத்தை அப்படியே நகலெடுத்த கண்ணாடிகள் வந்தன. சாதாரண கூலிங்கிளாஸ் அளவுக்கே இருட்டாக இருந்தவையும் வந்தன.

இந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பன்னாட்டுத் தர நிறுவனம் நெறியை எழுதுகிறது, எந்தப் பொருளுக்கும் சான்றிதழ் தருவதில்லை. சோதிப்பவை அதற்குரிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள். நாசா எந்தக் கண்ணாடிக்கும் ஒப்புதல் வழங்குவதில்லை. ஆகவே ‘நாசா அங்கீகரித்தது’ என்ற வாசகத்தை ஒரு கண்ணாடியில் பார்த்தால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. உண்மை தெரிந்த தயாரிப்பாளர் அந்தச் சொற்களை அச்சிட மாட்டார். எண்ணின் கடைசி இலக்கத்தையும் கவனியுங்கள். 12312-1 என்பது சாதாரண கூலிங்கிளாஸுக்கான நெறி. சூரியனுக்கானது 12312-2. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இலக்கத்தில் ஆயிரம் மடங்கு ஒளி வேறுபாடு இருக்கிறது.

தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத கண்ணாடியை, எவ்வளவு கருப்பாக இருந்தாலும் விலக்குங்கள். பெயர் இருந்தால் அந்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, தன் சோதனை அறிக்கையைக் காட்டுகிறதா என்று தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் ரெயின்போ சிம்ஃபனி, அமெரிக்கன் பேப்பர் ஆப்டிக்ஸ், தௌசண்ட் ஓக்ஸ் ஆப்டிக்கல், ஜெர்மனியின் பாடர் பிளானெட்டேரியம் ஆகியவை இந்தத் துறையில் நெடுங்காலமாக இருப்பவை. ஆனால் அவற்றின் பெயரையும் போலியில் அச்சிடலாம் என்பதால், யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பது பெயரைவிட முக்கியம். கிரகணத்துக்கு முந்தைய வாரம் சாலையோரத்தில் முளைக்கும் கடையிடம் எந்தச் சான்றும் கேட்க முடியாது. ஓர் அறிவியல் மையத்திடமோ கோளரங்கத்திடமோ கேட்க முடியும்.

கையில் இருப்பதைச் சோதிப்பது

ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கருவி இல்லாமல் ஒரு கண்ணாடி நெறிக்கு உட்பட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புற ஊதாவும் அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மோசமான கண்ணாடியை வீட்டிலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். அணிந்துகொண்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். ஒன்றுமே தெரியக் கூடாது. சன்னல், சுவர், எதிரில் நிற்பவர், வெயில் பட்ட முற்றம், எதுவும் தெரியக் கூடாது. மிகப் பிரகாசமான மின்விளக்கை அருகில் வைத்துப் பார்த்தால் மட்டும் மங்கிய புள்ளியாகத் தெரியலாம். பொருள்களின் உருவம் தெரிந்தால் அது கூலிங்கிளாஸ்தான், தூக்கி எறியுங்கள். இதில் தேறியதை வெளியே எடுத்துச் சென்று ஒரு நொடி சூரியனைப் பாருங்கள். விளிம்பு கூர்மையான, கூச்சமே தராத வட்டம், சுற்றிலும் கரிய வானம், இவ்வளவுதான் தெரிய வேண்டும். வட்டம் கூசினாலோ, அதைச் சுற்றி ஒளிமூட்டம் தெரிந்தாலோ, மங்கலாக இருந்தாலோ அது வேண்டாம். நல்ல இடத்தில் வாங்கியதையும் ஒருமுறை விளக்கின் முன் பிடித்து ஊசித்துளை, கீறல், சட்டத்திலிருந்து தாள் பிரிந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்று ஆண்டுக்கு மேல் ஆன கண்ணாடியைப் பயன்படுத்தக் கூடாது என்று சில பழைய கண்ணாடிகளில் அச்சிட்டிருக்கும். 2015 நெறிப்படி செய்தவற்றுக்கு இந்தக் கெடு பொருந்தாது. மடங்காமல், கீறாமல், உறையில் வைத்திருந்தால் மீண்டும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2017-ல் பயன்படுத்திய கண்ணாடிகளைத் திரட்டி, எல்லைகளற்ற வானியலாளர்கள் என்ற அமைப்பு தென் அமெரிக்க, ஆசியப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நம் பள்ளிகளும் நூலகத்தில் புத்தகம் வைப்பதுபோல் கண்ணாடிகளைச் சேமித்து வைக்கலாம்.

நல்ல கண்ணாடியையும் தவறாகப் பயன்படுத்த முடியும். அணிந்த பிறகுதான் தலையை நிமிர்த்த வேண்டும், தலையைக் குனிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே இதை வைத்துக்கொள்ளலாம். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ கேமராவின் கண்திறப்பிலோ பார்ப்பது எல்லாவற்றிலும் கொடியது. குவிந்த ஒளி அந்தத் தாளைப் பொசுக்கிவிட்டுக் கண்ணுக்குள் போகும். கருவிகளுக்கு வடிகட்டியை முன்புற வில்லைக்கு முன்னால், சூரியனைப் பார்த்த பக்கத்தில் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டிகள் சூட்டில் வெடித்துவிடக் கூடியவை.

முழு கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்த சில நிமிடங்களுக்கு மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். பகுதி கிரகணத்திலும் வளைய கிரகணத்திலும் அப்படி ஒரு நொடிகூட இல்லை. வளையம் முழுமையாக நிற்கும் நேரத்திலும் கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, இராமேசுவரத்திலும் பிறகு 2019-லும் வந்தவை வளைய கிரகணங்களே.

கண்ணாடி இல்லாமலே

நம்பத்தக்க கண்ணாடி கிடைக்காவிட்டால் கதவை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் பிம்பத்தைத் தரையிலோ சுவரிலோ பார்க்கும் வழிகள் முழுப் பாதுகாப்பானவை. வேப்ப மரத்தடியில் போய் நின்றால் போதும். இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி நிழலுக்குள் நூற்றுக்கணக்கான பிறைகளைச் சிந்தும். மரம் இல்லாத இடத்தில் சல்லடை, பூந்திக் கரண்டி, இடியாப்பத் தட்டு, எதையும் வெயிலில் பிடிக்கலாம். அட்டையில் சிறு துளையிட்டு, ஒரு மீட்டர் தொலைவில் வெள்ளைத்தாளை வைத்தால் 9 மில்லிமீட்டர் அகலத்தில் பிம்பம் விழும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது முகம் பார்க்கும் கண்ணாடி முறை. சிறிய சமதளக் கண்ணாடியை, அரை சென்டிமீட்டர் அகலத்தில் துளையிட்ட தாளால் மூடி, வெயிலில் சாய்த்து வைத்து, திருப்பி வரும் ஒளியை எதிரே இருண்ட அறையின் சுவரில் விழச் செய்யுங்கள். பத்து மீட்டர் தொலைவில் உள்ளங்கை அளவுக்கு, சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் விழும். நிலவு அதைக் கடித்துக்கொண்டே போவதை வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். நியூட்டனைப்போல் கண்ணாடிக்குள் பார்க்காமல், சுவரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பிள்ளைகள் கண்ணாடியின் பாதையில் குறுக்கிடாதபடி ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

1980 பிப்ரவரி 16 முழு கிரகணம் கர்நாடக, ஆந்திரப் பகுதிகளைக் கடந்தபோது நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டிலேயே இருத்தத் தூர்தர்ஷன் திரைப்படம் ஒளிபரப்பியது. 1995 அக்டோபர் 24 கிரகணத்தின்போது நிலைமை மாறியிருந்தது. மத்திய அரசின் விக்யான் பிரசார், மாநில அறிவியல் இயக்கங்களோடு கைகோத்துச் சூரிய வடிகட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கை வழியாக வந்த கண்ணாடியை மக்கள் நம்பினார்கள். விக்யான் பிரசார் 2023-ல் மூடப்பட்டுவிட்டது. அது செய்த வேலையை இனி யார் செய்வது என்பதற்கு இன்னும் தெளிவான பதில் வரவில்லை. அறிவுரைக்குப் பஞ்சமில்லை. சோதித்த கண்ணாடியைச் சொந்தப் பொறுப்பில் கொள்முதல் செய்து, நியாய விலைக்குத் தருவதற்குத்தான் ஆள் தேவை. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தை நடத்தும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையத்தால் இது முடியும். 1899 முதல் சூரியனையே ஆராய்ந்துவரும் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், தாள்களைச் சோதிப்பதற்கு ஆலோசனை சொல்லலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு ஊர்தோறும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாள்களும் தெரிந்தவைதான். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கப்போகும் முழு கிரகணம், இந்தியாவின் பல பகுதிகளுக்கு மாலை நேரத்துப் பகுதி கிரகணமாக வரும். அது திங்கட்கிழமை, பள்ளி நாள். 2031 மே 21 அன்று வளைய கிரகணத்தின் பாதை கேரளத்தில் நுழைந்து, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாகப் போகிறது. அப்போது கோடை விடுமுறை. நண்பகலை ஒட்டிச் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். ஒரு வகுப்புக்குப் பத்துக் கண்ணாடிகள், ஒரு பள்ளிக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கடைசி வாரத்தில் கடை கடையாக அலையாமல், ஓராண்டு முன்னதாகவே இதைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு அடுத்துக் கூடும்போது இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்.